யு.பி.எஸ். கத்தும்போது நீங்கள் பக்கத்தில் இல்லையென்றால்?

திருப்பூரில் என் பெரியப்பா வீட்டு மாடியில் சிறிய பவர் டேபிள் யூனிட் ஒன்று நடத்துகிறார். பனியன் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். ஆறு மெஷின்கள், ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே 600 விஏ யு.பி.எஸ். ஒன்றையும் சேர்த்து வாங்கிவிட்டார். ஒரு நாள் பில் என்ட்ரியைப் பாதியில் விட்டுவிட்டு பேங்குக்குக் கிளம்பினார். அவர் போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. யு.பி.எஸ். தன் வேலையைச் சரியாகவே செய்தது. கம்ப்யூட்டர் அணையவில்லை. பீப் பீப் என்று கத்தவும் செய்தது. ஆனால் மெஷின்கள் நின்றுவிட்டதால் எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். கால் மணி நேரம் போலக் கத்திவிட்டு, பேட்டரி தீர்ந்து, எல்லாம் ஒரே அடியாக அணைந்தது. கரண்ட் வந்த பிறகு கணக்கு மென்பொருளைத் திறந்தால் டேட்டா பைல் பழுதாகிவிட்டது என்று செய்தி வருகிறது. கடைசியாக பேக்கப் எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"ஏங்கண்ணு, யு.பி.எஸ். இருந்துமா இப்படி ஆகும்?" என்று போனில் கேட்டார். ஆகும். யு.பி.எஸ். நமக்குத் தருவது சில நிமிடங்களை மட்டும்தான். அந்த நிமிடங்களுக்குள் பைலை சேமித்து கம்ப்யூட்டரை நிறுத்த ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்துகொள்ளும்படி முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். இதற்கு விண்டோஸில் உள்ள வசதியே போதும். ஆனால் இதைப் பலரும் ஒரு முறைகூடத் திறந்து பார்ப்பதில்லை. எப்படிச் செய்வது என்று பார்ப்போம். கீழே சொல்லியிருப்பவை விண்டோஸ் 11-க்கு. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே படிகள்தான்.

எத்தனை நிமிடம் கிடைக்கும்?

வீட்டு யு.பி.எஸ்.களில் பொதுவாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்று. 12-ஐ 7-ஆல் பெருக்கினால் 84 வாட் ஹவர். கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட் எடுத்தால் 50 நிமிடம் ஓட வேண்டும் என்று கணக்கு சொல்லும். நடைமுறையில் அப்படி ஓடாது. பேட்டரி மேல் எழுதியிருக்கும் 7 என்பது, 20 மணி நேரத்துக்கு மெதுவாகக் கரண்டை எடுத்தால் கிடைக்கும் அளவு. அதாவது 0.35 ஆம்பியர் வீதம். நம் கம்ப்யூட்டரோ மாற்றத்தில் வீணாவதையும் சேர்த்து சுமார் 10 ஆம்பியர் உறிஞ்சும். அவ்வளவு வேகமாக எடுக்கும்போது பேட்டரி பாதி அளவுதான் தரும். புதிய பேட்டரியில் 20 நிமிடம் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். இரண்டு கோடைக்காலம் பார்த்த பேட்டரி என்றால் 10 நிமிடம்கூடச் சந்தேகம். வெப்பம் இந்த வகை பேட்டரிக்குப் பெரிய எதிரி. யு.பி.எஸ்.ஸை வெயில் படும் ஜன்னல் ஓரத்திலோ, மேஜைக்கு அடியில் காற்றே புகாத மூலையிலோ வைக்காதீர்கள்.

லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் இணைத்திருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். அது சூடேறும் நேரத்தில் இழுக்கும் மின்சாரம் சிறிய யு.பி.எஸ்.ஸுக்குத் தாங்காது.

உங்கள் யு.பி.எஸ். பேசுமா?

கரண்ட் போய்விட்டது, பேட்டரியில் இவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற செய்தியை யு.பி.எஸ். கம்ப்யூட்டருக்குச் சொன்னால்தான் மற்றதெல்லாம் நடக்கும். அதற்கு ஒரு டேட்டா கேபிள் வேண்டும். யு.பி.எஸ்.ஸின் பின்புறம் பாருங்கள். பிரிண்டரில் இருப்பது போன்ற சதுர வடிவ யு.எஸ்.பி. துளை இருந்தால் உங்கள் யு.பி.எஸ். பேசக்கூடியது. பிரிண்டருக்குப் பயன்படுத்தும் அதே கேபிள்தான். பல வீடுகளில் இந்தக் கேபிள் அட்டைப்பெட்டிக்குள் பிரிக்காமலே கிடக்கும். பெரியப்பா வீட்டிலும் அப்படித்தான் கிடந்தது!

இரண்டு இடங்களில் ஏமாந்துவிட வேண்டாம். சில யு.பி.எஸ்.களில் தட்டையான யு.எஸ்.பி. துளை இருக்கும். அது பெரும்பாலும் செல்போன் சார்ஜ் செய்வதற்கு மட்டும்தான். அதேபோல டெலிபோன் ஒயர் செருகும் இரண்டு துளைகள் இருந்தால் அவை லைனில் வரும் மின்னதிர்ச்சியைத் தடுக்க வைத்தவை. அவற்றில் எதைச் செருகினாலும் கம்ப்யூட்டருக்குச் செய்தி போகாது. டெலிபோன் துளையைவிடச் சற்று அகலமாக, நெட்வொர்க் கேபிள் துளை போன்ற ஒன்றை டேட்டாவுக்கு வைக்கும் மாடல்களும் உண்டு. அதற்கு அந்த நிறுவனத்தின் தனிக் கேபிள் தேவை. கடையில் கேட்டு வாங்கும்போது மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

கேபிளை இணைத்தபின் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறவுங்கள். அதில் பேட்டரீஸ் என்ற பிரிவு தோன்றி, அதன் கீழே ஹெச்ஐடி யு.பி.எஸ். பேட்டரி என்று இருந்தால் விண்டோஸ் உங்கள் யு.பி.எஸ்.ஸைப் புரிந்துகொண்டுவிட்டது. டாஸ்க் பாரிலும் லேப்டாப்பில் வருவது போல பேட்டரி ஐகான் வந்திருக்கும். அப்படி வரவில்லை என்றால் அந்த யு.பி.எஸ்.ஸுக்கென்று தயாரிப்பாளர் தரும் மென்பொருளை நிறுவ வேண்டும். அந்த மென்பொருளிலும் இதே போன்ற அமைப்புகள்தான் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் அமைக்க வேண்டாம். எது எப்போது முந்திக்கொள்ளும் என்று தெரியாமல் குழம்புவீர்கள்.

பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு பவர் ஆப்ஷன்ஸில் யு.பி.எஸ். என்ற டேபைத் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அது விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்தது. 2007-இல் வந்த விஸ்டாவிலேயே அதை எடுத்துவிட்டார்கள்.

விண்டோஸுக்குச் சொல்லி வைப்போம்

கண்ட்ரோல் பேனலைத் திறந்து பவர் ஆப்ஷன்ஸ் செல்லுங்கள். தேர்வாகியிருக்கும் திட்டத்துக்குப் பக்கத்தில் சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ் என்று இருக்கும். அதைக் கிளிக் செய்து, அடுத்த பக்கத்தில் சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ் என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஒரு சின்ன விண்டோ திறக்கும். அதில் பட்டியலின் கீழ்ப்பகுதியில் பேட்டரி என்ற பிரிவு இருக்கும். பக்கத்தில் உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்தால் விரியும். ஒவ்வொரு வரியிலும் ஆன் பேட்டரி, பிளக்டு இன் என்று இரண்டு இருக்கும். நமக்கு வேண்டியது ஆன் பேட்டரி.

லோ பேட்டரி லெவல் என்பதில் 70 சதவீதம் கொடுங்கள். லோ பேட்டரி நோட்டிபிகேஷன் ஆன் ஆக இருக்கட்டும். லோ பேட்டரி ஆக்‌ஷனில் டு நத்திங். அதாவது 70-க்கு இறங்கியதும் எச்சரிக்கை மட்டும் வரும். கம்ப்யூட்டர் முன்னால் ஆள் இருந்தால் வேலையை முடித்துக்கொள்ளலாம். அடுத்து கிரிட்டிக்கல் பேட்டரி லெவல் என்பதில் 50 சதவீதம். கிரிட்டிக்கல் பேட்டரி ஆக்‌ஷனில் ஹைபர்னேட். ஓகே கொடுத்து வெளியே வாருங்கள். அவ்வளவுதான்.

50 சதவீதத்திலேயே நிறுத்துவது அவசரக்குடுக்கைத்தனம் என்று தோன்றலாம். விண்டோஸ் வழக்கமாக வைத்திருப்பது 5 சதவீதம். ஆனால் அது லேப்டாப்பை மனதில் வைத்துச் செய்தது. லேப்டாப் பேட்டரிக்குள் மிச்சத்தை அளக்கத் தனிச் சிப் இருக்கிறது. சிறிய யு.பி.எஸ்.கள் பெரும்பாலும் பேட்டரியின் வோல்டேஜைப் பார்த்து சதவீதத்தை மதிப்பிடுகின்றன. பேட்டரி பழையதாகிவிட்டால் 60, 55 என்று காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று ஒன்றுமில்லாமல் விழும். 5 சதவீதம் வரும்வரை காத்திருந்தால் அந்த 5 வராமலே போகலாம்.

ஏன் ஹைபர்னேட்?

ஷட்டவுன், ஸ்லீப், ஹைபர்னேட் என்று மூன்று வழிகள் இருக்க, ஹைபர்னேட்டைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்லீப்பில் உங்கள் வேலை ராம் நினைவகத்திலேயே இருக்கும். அதற்குத் தொடர்ந்து கொஞ்சம் மின்சாரம் வேண்டும். யு.பி.எஸ். பேட்டரி முழுதும் தீர்ந்தால் அதுவும் போகும். இப்படித் தானாக நடக்கும் ஷட்டவுனில், சேமிக்காத பைல்களைச் சேமிக்க வேண்டுமா என்று பதில் சொல்ல ஆள் இருக்கமாட்டார். கேள்விக்குக் காத்திருந்தால் பேட்டரி தீரும். காத்திருக்காமல் மூடினால் சேமிக்காதது போகும். ஹைபர்னேட் அப்படியல்ல. ராமில் உள்ளதை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவிட்டுக் கம்ப்யூட்டர் முழுவதும் அணைந்துவிடும். பிறகு மின்சாரமே தேவையில்லை. மறுபடி பவர் பட்டனை அழுத்தினால் பாதியில் விட்ட பில், பாதியிலேயே திறந்திருக்கும்.

பட்டியலில் ஹைபர்னேட் வரவில்லையா? அது அணைக்கப்பட்டிருக்கும். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டெர்மினல் அட்மின் என்பதைத் திறவுங்கள். ஆங்கில எழுத்துகளில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி ஆகிய மூன்று எழுத்துகளையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி டைப் செய்யுங்கள். ஓர் இடைவெளி. பிறகு வலப்பக்கம் சாயும் கோடும் ஹெச் என்ற எழுத்தும். மறுபடி ஓர் இடைவெளி விட்டு ஆன் என்ற சொல். என்டர் தட்டியபின் பவர் ஆப்ஷன்ஸை மூடித் திறந்தால் ஹைபர்னேட் வந்துவிடும்.

ஒத்திகை பாருங்கள்

அமைத்துவிட்டோம் என்று விட்டுவிடாதீர்கள். திறந்திருக்கும் எல்லாவற்றையும் சேமித்து மூடுங்கள். நோட்பேடில் மட்டும் ஒரு வரி டைப் செய்து சேமிக்காமல் விடுங்கள். கிரிட்டிக்கல் அளவைத் தற்காலிகமாக 90 என்றும், லோ அளவை 95 என்றும் மாற்றுங்கள். லோ எப்போதும் கிரிட்டிக்கலைவிட அதிகமாக இருக்க வேண்டும். இப்போது சுவரில் யு.பி.எஸ். செருகியுள்ள சாக்கெட்டின் சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம். சுவிட்சை மட்டும் அணைத்தால் எர்த் இணைப்பு அப்படியே இருக்கும், அதுதான் பாதுகாப்பு.

சில நிமிடங்களில் கம்ப்யூட்டர் தானாக அணைய வேண்டும். சுவிட்சைப் போட்டு, பவர் பட்டனை அழுத்துங்கள். நோட்பேடில் அந்த வரி இருக்கிறதா? இருந்தால் வெற்றி. அளவுகளை மறுபடி 70, 50 என்று மாற்றிவிடுங்கள். பிறகு ஒரு நாள் உண்மையான அளவுகளோடும் சோதித்து, சுவிட்சை அணைத்ததிலிருந்து ஹைபர்னேட் ஆகும்வரை எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்து யு.பி.எஸ். மேல் ஒரு ஸ்டிக்கரில் தேதியோடு எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால், பேட்டரி கிழடாவது எண்ணிலேயே தெரியும். 12 நிமிடம் என்றிருந்தது 4 ஆனால் பேட்டரி மாற்றும் நேரம் வந்துவிட்டது.

கரண்ட் போனதும் ஒரு நகல்

கொஞ்சம் பழகியவர்களுக்கு இன்னொரு வசதி. கரண்ட் போன நிமிடமே முக்கியமான போல்டரைப் பென் டிரைவுக்கு நகல் எடுக்கச் சொல்லலாம். சுவிட்சை அணைத்து, பத்து விநாடி கழித்துப் போடுங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ஈவண்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதனுள் சிஸ்டம் செல்லுங்கள். மேலே புதிதாக வந்த பதிவுகளில் கெர்னல்-பவர் என்ற பெயரில், ஈவண்ட் ஐடி 105 என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் வரும் வழி மாறியதைக் குறிக்கும் பதிவு இது. உங்கள் கம்ப்யூட்டரில் அது வரவில்லை என்றால் இந்தப் பகுதியை விட்டுவிடலாம்.

அதில் ரைட் கிளிக் செய்தால் அட்டாச் டாஸ்க் டு திஸ் ஈவண்ட் என்று வரும். கிளிக் செய்து நெக்ஸ்ட் கொடுத்துக்கொண்டே போய், ஸ்டார்ட் எ புரோகிராம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். புரோகிராம் பெட்டியில் ரோபோகாப்பி என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக டைப் செய்யுங்கள். இது விண்டோஸோடு வரும் நகலெடுக்கும் புரோகிராம். ஆர்க்யூமெண்ட்ஸ் பெட்டியில் முதலில் நகலெடுக்க வேண்டிய போல்டரின் முகவரி, ஓர் இடைவெளி, பிறகு பென் டிரைவில் உள்ள போல்டரின் முகவரி. முகவரியை டைப் செய்ய வேண்டாம். போல்டரில் ரைட் கிளிக் செய்து காப்பி ஆஸ் பாத் கொடுத்து இங்கே ஒட்டினால் மேற்கோள் குறிகளோடு வந்துவிடும். அதன்பின் ஓர் இடைவெளி, சாய்வுக்கோடு, ஈ. மறுபடி இடைவெளி, சாய்வுக்கோடு, ஆர், முக்காற்புள்ளி, 1. கடைசியாக இடைவெளி, சாய்வுக்கோடு, டபிள்யூ, முக்காற்புள்ளி, 1. இந்தக் கடைசி இரண்டும் ரொம்ப முக்கியம். இவை இல்லாவிட்டால், ஒரு பைல் பூட்டப்பட்டிருந்தால் ரோபோகாப்பி 30 விநாடிக்கு ஒரு முறை வீதம் 10 லட்சம் முறை முயன்றுகொண்டிருக்கும்!

பினிஷ் கொடுக்கும் முன் ஓப்பன் த பிராப்பர்ட்டீஸ் டயலாக் என்பதில் டிக் செய்யுங்கள். இங்கேதான் எல்லோரும் தவறுவார்கள். திறக்கும் விண்டோவில் கண்டிஷன்ஸ் டேப் செல்லுங்கள். கம்ப்யூட்டர் ஏசி பவரில் இருந்தால் மட்டும் இந்த டாஸ்க்கைத் தொடங்கு என்ற வரியில் டிக் ஏற்கெனவே போட்டிருக்கும். பேட்டரிக்கு மாறினால் நிறுத்து என்பதிலும் அப்படியே. நாமோ கரண்ட் இல்லாத நேரத்துக்காகவே டாஸ்க் அமைக்கிறோம். இரண்டு டிக்குகளையும் எடுக்காவிட்டால் கரண்ட் போகும்போது அது ஓடாது. நானும் முதல் முறை அரை மணி நேரம் இதில் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

105 என்பது கரண்ட் போகும்போதும் வரும், திரும்பும்போதும் வரும். நகலெடுப்பது இரண்டு முறை நடந்தால் நஷ்டமில்லை. மாறிய பைல்களை மட்டுமே ரோபோகாப்பி எடுக்கும். ஆனால் இதே டாஸ்க்கில் கம்ப்யூட்டரை அணைக்கும் கட்டளையை வைத்துவிடாதீர்கள். கரண்ட் திரும்பி வந்த சந்தோஷத்தில் கம்ப்யூட்டர் அணைந்துபோகும். அணைக்கும் பொறுப்பை பவர் ஆப்ஷன்ஸிடமே விடுங்கள். அது பேட்டரியின் அளவைப் பார்த்து முடிவெடுப்பதால், இரண்டு நிமிடத்தில் கரண்ட் வந்துவிட்டால் பேசாமல் இருக்கும். இன்னொன்று, கணக்கு மென்பொருள் திறந்திருக்கும்போது எடுக்கும் அதன் டேட்டா நகல் முழுமையாக இருக்கும் என்று நம்ப முடியாது. வேர்டு, எக்ஸெல், போட்டோ போல்டர்களுக்கு இந்த முறை சரி. கணக்குக்கு அந்த மென்பொருளின் பேக்கப் வசதியைத் தினமும் பயன்படுத்துங்கள்.

டேட்டா துளையே இல்லையென்றால்

விலை குறைந்த யு.பி.எஸ்.களில் பல ஊமைதான். வீட்டு இன்வெர்ட்டரும் கம்ப்யூட்டரிடம் பேசாது. இவர்கள் பவர் ஆப்ஷன்ஸில் இடதுபக்கம் உள்ள சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டு என்பதைத் திறந்து, பவர் பட்டனை அழுத்தினால் ஹைபர்னேட் என்று அமைத்துவிடலாம். பிறகு கம்ப்யூட்டரே தெரியாத அம்மாவிடம்கூட, "பீப் சத்தம் கேட்டால் இந்தப் பட்டனை ஒரு தடவை தட்டிவிட்டுப் போங்கம்மா" என்று சொல்லி வைக்கலாம். ஒரு தடவை தட்டினால் போதும். நான்கைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் வலுக்கட்டாயமாக அணைந்துவிடும், அதையும் சொல்லிவிடுங்கள். கூடவே, 15 நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானாக ஹைபர்னேட் ஆகும்படி அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ஸ்லீப் என்ற பிரிவில் ஹைபர்னேட் ஆஃப்டர் என்பதை அமைக்கலாம். அதே பிரிவில் ஸ்லீப் ஆஃப்டர் என்பது நெவர் என்று இருக்கட்டும். நீங்கள் வெளியே போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் பத்திரமாகிவிடும்.

பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் மின்தடை என்று மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும் நாட்களுக்கு எந்தக் கேபிளும் தேவையில்லை. டாஸ்க் ஷெட்யூலரில் கிரியேட் பேசிக் டாஸ்க் கொடுத்து, ஒன் டைம் என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த நாளின் தேதியும் 8.50 என்ற நேரமும் கொடுங்கள். புரோகிராமாக ஆங்கிலத்தில் ஷட்டவுன், ஆர்க்யூமெண்ட்ஸில் சாய்வுக்கோடும் ஹெச் எழுத்தும். பெயர் ஷட்டவுன் என்றாலும் ஹெச் சேர்த்தால் ஹைபர்னேட்தான். ஹெச்சுக்குப் பதில் எஸ் போட்டு, டி என்ற எழுத்தோடு 60 விநாடி என்று நேரமும் கொடுத்தால், 60 விநாடி கழித்து திறந்திருப்பவற்றை உங்களைக் கேட்காமலே மூடிவிடும். அது வேண்டாம்.

பெரியப்பா மூன்று வாரப் பில்களை மறுபடி உட்கார்ந்து ஏற்றி முடிக்க ஐந்து இரவுகள் ஆயின. அந்த வார ஞாயிற்றுக்கிழமை போய் யு.எஸ்.பி. கேபிளைப் பிரித்து மாட்டிக் கொடுத்தேன். போன மாதம் ஒரு நாள் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஈவண்ட் வியூவரின் படம் ஒன்று வந்தது. அவர் பேங்குக்குப் போயிருந்த நேரம் அது. 105 என்று ஒரு பதிவு, அதற்கு எட்டு நிமிடம் கழித்து 42. 42 என்றால் கம்ப்யூட்டர் முறைப்படி உறக்கத்துக்குப் போனது என்று பொருள். முறையின்றி அணைந்திருந்தால் அடுத்த முறை ஆன் செய்யும்போது 41 வந்திருக்கும். 41 எங்கும் இல்லை. படத்தின் கீழே அவர் எழுதியிருந்தது ஒரே கேள்விதான்: "இந்த பேட்டரி மாத்த எவ்வளவு ஆகும் கண்ணு?"